எண்ணெய் படிந்த கன்றுகள்

முகத்துவாரக்குப்பத்துப் பெண்களோடு சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்திக் கன்றுகள் நட்டிருந்தேன். சில வாரங்களிலேயே எங்கிருந்தோ வந்த கழிவு எண்ணெய் அவற்றின் மேல் படிந்துவிட்டது. பழந்துணியால் இலை இலையாகத் துடைத்தோம். சேற்றில் கை வைத்தால் செத்த இறால்கள் கொழகொழவென்று விரலில் ஒட்டின. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அப்போது ஒரு லாரி, கழிவைக் கொட்டக் கரையோரம் வந்து நின்றது. இறால் பிடிக்கும் அக்கா ஒருவர் எண்ணெய்க் கையோடு அதன் எதிரே போய் நின்றார்.

"இன்னா நைனா, நாங்க துன்ற சோத்துலயே கொட்ட வந்துகீறே! உன் வூட்டு சட்டில கொட்டுவியா?"

டிரைவர் ஹாரன் அடித்தான். நாங்கள் எல்லோரும் போய் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவன் காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனான்.

அன்றிலிருந்து முறைவைத்துக் கரையைக் காக்கிறோம். பாதிக் கன்றுகள் பிழைத்தன. அந்த லாரி இப்போது பக்கத்துக் குப்பத்தில் கொட்டுகிறதாம். சீ! நாளை அங்கேயும் போகிறோம்.