தூக்குப்போசியில் கொண்டுபோன ரத்தம்

முதலில் வந்தது ரத்தம் அல்ல, ஒரு குறுகுறுப்பு. வலது மார்பின் உள்ளே வெதுவெதுப்பாக ஏதோ குமிழியிட்டது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். இருமினேன். வெள்ளை வாஷ்பேசினில் சளியோடு சிவப்பாக ஒரு நூல் கிடந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு, அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முகம் கழுவி, பொட்டு வைத்து, வேலைக்குப் போய்விட்டேன்.

இதைப் படிக்கும் சிலருக்கு அந்தக் குறுகுறுப்பு தெரிந்திருக்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். சமர்த்தாக நடந்துகொண்டவர்களின் கதைகளை நானும் நிறையப் படித்திருக்கிறேன், அவை எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

எனக்கு இருபத்தெட்டு வயது. பிறவியிலிருந்தே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரு மரபணு வந்து சேர்வதால் உண்டாகும் நோய்; நுரையீரலின் சளி பசைபோல் கெட்டியாகித் தங்கிவிடும், செரிமானமும் கெடும்). சிறுவயதில் காசநோய் என்று நினைத்து இரண்டு முறை மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். ஒன்பது வயதில்தான் கோவையில் ஒரு மருத்துவர் வியர்வைப் பரிசோதனை (வியர்வையில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது) செய்து உண்மையைக் கண்டுபிடித்தார். "கொழந்தைக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குதுங்க" என்று அம்மா அதற்கு முன்பே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம்.

அப்போது நாங்கள் சூலூரில் இருந்தோம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு விசைத்தறிகள் ஓடின. பஞ்சுத் தூசி எனக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்ன மாதமே அப்பா தறிகளை விற்றுவிட்டுப் பெரியநாயக்கன்பாளையத்துக்குக் குடிவந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக்கொடுக்கும் ரீவைண்டிங் கடை வைத்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசாமல் விட்ட சங்கதிகள் நிறைய.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அப்பா என் முதுகைத் தட்டுவார். நெஞ்சுப் பிசியோதெரபி (முதுகிலும் விலாவிலும் தட்டி, ஒட்டிய சளியை இளக்கி, இருமி வெளியேற்றுவது) என்று அதற்குப் பெயர். உள்ளங்கையைக் குழித்து, இடது பக்கம், வலது பக்கம், கீழே, மேலே என்று தட்டுவார். பிறகு நான் இருமித் துப்ப வேண்டும். தீபாவளிக்கும் லீவு கிடையாது, பிளஸ் டூ பரீட்சைக்கும் லீவு கிடையாது. வருஷத்தில் மூன்று நாள் மட்டும், ஆடியில், அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போவார். வாங்கமாட்டார். பார்க்கத்தான். அந்த மூன்று நாளும் நானே மூச்சுப்பயிற்சி செய்துகொள்வேன்.

நான் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் இரண்டு கூடினாலும் பாகத்தை ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. ஆபரேட்டர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அப்படிப்பட்டவள், எவ்வளவு ரத்தம் வருகிறது என்று மருத்துவர் கேட்டபோது சொன்ன பதில், "கொஞ்சமுங்க."

எங்கள் பக்கத்து ஆட்களிடம் இது ஒரு வியாதி. மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னால் அவருக்குச் சிரமம் கொடுத்ததாக நினைப்போம். கால் உடைந்து கிடந்தாலும் "செரியாப் போயிருமுங்க" என்போம். நானும் அப்படித்தான். ஆனால் மரியாதை மட்டும் காரணமில்லை. பயம். மருத்துவரைவிட, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்துக்குப் பயம். நூல் நூலாக வந்த ரத்தம் ஆடி மாதத்தில் ஸ்பூன் கணக்குக்கு வந்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் டாக்டரம்மா நாகர்கோவில்காரர். அவருக்கு இந்த "ங்க" எல்லாம் பிடிபடாது. "கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேக்கேன். கோடு கோடா வருதா, ஸ்பூன் கணக்குல வருதா, டம்ளர் கணக்குல வருதா?"

"கோடு மாதிரிதானுங்க டாக்டர்," என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கேட்டுக்கிடுங்க. கோடு கோடா வந்தா அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும். ஒரு ஸ்பூன் வந்தா உடனே பண்ணணும். அதுக்கு மேல குபுகுபுன்னு வந்தா போன் எல்லாம் வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்கு வாங்க. எவ்வளவு வந்துதுன்னு எனக்குத் தெரியணும்."

"செரிங்க டாக்டர்," என்றார் அப்பா. அவர் ஒன்றைச் 'செரி' என்றால் செய்துவிடுவார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா வலது பக்கம் தட்டிக்கொண்டிருந்தார். அதே குறுகுறுப்பு, ஆனால் பெரிதாக. இருமினேன். வாய் நிறைய வெதுவெதுப்பாக ரத்தம். மறுபடி இருமினேன், மறுபடி வந்தது. எதிரே இருந்த எவர்சில்வர் பேசின் சிவந்துபோனது. இவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அம்மா கத்தினார். அப்பா கத்தவில்லை. தட்டுவதற்கு ஓங்கிய அவர் கை மட்டும் அப்படியே காற்றில் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். வலது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் ரத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்கவேண்டும், அப்போதுதான் நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காது. இது எனக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். கோவை போகும் வழியில் துடியலூரில் வண்டிகள் நெரிசலில் நின்றன. கவுண்டம்பாளையத்தில் மறுபடி நின்றன. அப்பா முன்சீட்டில் மடியில் எதையோ இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுத் தூக்குப்போசி. நான் கம்பெனிக்குத் தயிர்சாதம் கொண்டுபோகும், மூடியும் கைப்பிடியும் உள்ள அதே பாத்திரம்.

அவசரப் பிரிவு வாசலில் நர்ஸ் அவரைத் தடுத்தார். "சாப்பாடெல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாதுங்க."

"சாப்பாடு இல்லீங் கண்ணு," என்றார் அப்பா. "டாக்டர் அளவு கேட்டாங்க. அதானுங்க கொண்டாந்தேன்." மூடியைத் திறந்து காட்டினார்.

அந்த நர்ஸ் என்ன நினைத்தாரோ தெரியாது. அடுத்த நிமிஷம் என்னைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தார்கள். இருநூறு மில்லிக்கு ஒரு விரற்கடை குறைவு. வழியில் துண்டில் துப்பியது தனி. அப்பா அதைக் கொண்டுவராமல் இருந்திருந்தால், கேட்டவர்களிடம் நான் கட்டாயம் "கொஞ்சமுங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்துகூடச் சொல்லியிருப்பேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் உறைய ஒரு ஊசி, வைட்டமின் கே ஊசி (எங்களைப் போன்றவர்களுக்குக் கொழுப்பு சரியாகச் செரிக்காததால் இந்த வைட்டமின் குறைந்துவிடும், ரத்தம் உறைய இது தேவை), கிருமிக்கு ஆன்டிபயாட்டிக். உப்புநீர் ஆவி பிடிப்பதும் முதுகு தட்டுவதும் அன்றே நிறுத்தப்பட்டன. மறுநாளும் ரத்தம் நிற்காததால் எம்போலைசேஷன் (தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரலில் கசியும் குழாயை உள்ளிருந்தே அடைப்பது) செய்தார்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை, மரத்துப்போக ஊசிதான். சாயம் உள்ளே போகும்போது நெஞ்சில் வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது. செத்துப்போய்விடுவேன் என்று அப்போது நினைத்தேன். அழுதேன். அங்கிருந்த டெக்னீஷியன் பெண் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க அக்கா, இன்னும் சித்த நேரந்தான்" என்றாள். அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

ரத்தம் நின்றது. பத்து நாளில் வீட்டுக்கு வந்தோம்.

எல்லோரும் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். எனக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்கியது. இருமவே பயந்தேன்.

எங்கள் நோயில் இருமல்தான் துடைப்பம். வீட்டைக் கூட்டாமல் விட்டால் என்னவாகுமோ, அதுதான் நுரையீரலுக்கும். இரண்டு வாரம் ரத்தம் இல்லையென்று உறுதியானதும் தட்டுவதை மெதுவாகத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தொண்டைவரை இருமல் வரும், விழுங்குவேன். மாடிப்படி ஏறமாட்டேன், சிரிக்கமாட்டேன், குனிந்து செருப்பு மாட்டமாட்டேன். விரிசல் விட்ட கண்ணாடிக் குடத்தைச் சுமப்பதுபோல் என்னையே சுமந்து நடந்தேன்.

அப்பா அதற்கு மேல். ஏழு மணி ஆனால், "கடையில அவசரமா ஒரு மோட்டார் கெடக்குது கண்ணு, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்பார். சாயங்காலம் கை வலிக்கிறது என்பார். நானும் "பரவால்லீங்கப்பா" என்பேன். இரண்டு பேருக்கும் உள்ளூர நிம்மதி. இப்படியே மூன்று வாரம் ஓட்டினோம்.

காய்ச்சல் வந்தது. ஊதும் பரிசோதனையில் (ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை வெளியேற்ற முடிகிறது என்று பார்ப்பது) என் அளவு எப்போதும் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. மருத்துவர் காகிதத்தை மேசையில் வைத்தார். "ரத்தத்துக்குப் பயந்து சளிய உள்ள சேத்து வச்சிருக்க. அந்தச் சளியில இருக்க கிருமிதான் ரத்தக்குழாய அரிக்கும். இப்படியே விட்டா மறுபடியும் ரத்தம்தான் வரும். யாரு தட்டாம விட்டது?"

அப்பா தலை குனிந்திருந்தார். வெளியே வந்ததும், மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார். "என்னால முடியாதுங் கண்ணு. எங்கையிலதான் ரத்தக்கொழா ஒடஞ்சுது. அன்னைக்கு நாந்தான கொஞ்சம் பலமாத் தட்டிப்போட்டேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பத்தொன்பது வருஷம் என்னை உயிரோடு வைத்திருந்த கையை அவர் கொலைக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கையால இல்ல சார்" என்று மருத்துவர் ஆஸ்பத்திரியிலேயே சொன்னார். அப்பா நம்பவில்லை. அவரை நம்பவைக்கும் சாட்சி ஒன்று என்னிடம் மட்டும் இருந்தது. அதைச் சொன்னால் நான் பொய்க்காரி என்பது தெரிந்துபோகும். அதனால் வீடு வரும்வரை சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் அம்மா காபி வைத்தார். டம்ளரைக் கையில் வாங்கியபடி சொல்லிவிட்டேன்.

"அப்பா, ஆடியில நீங்க அந்தியூர் போயிருந்தீங்கல்லங்க. அந்த மூணு நாளும் எனக்கு ரத்தம் வந்துச்சுங்க. கோடு இல்லீங்க, ஸ்பூனு ஸ்பூனா. ரெண்டாம் நாளு மூணு தடவ. அப்ப என்ற முதுகுல யாரும் கை வெக்கலீங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆடியிலயா?"

"ஆமாங்க."

"டாக்டரம்மாகிட்ட கோடுன்னு சொன்னியே அம்மணி."

"பொய்யுங்க."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன். எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார். "எங்கிட்டக்கூட மறைப்பியா? செத்துப்போயிருந்தீன்னா? எதுக்கு மறைச்சே?"

"உங்க மொகத்தப் பாக்க முடியாதுன்னுதானுங்க."

அம்மா இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டு பேரும் நல்லா மரியாதையா இருந்து எம்புள்ளையக் கொன்னுருப்பீங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பா பனியனோடு வந்து நின்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "மெதுவாத் தொடங்கறேன். ஒரு நூலு வந்தாலும் சொல்லோணும்," என்றார். முதல் தட்டு இறகு விழுந்ததுபோல் இருந்தது. இரண்டாவது நாள் கொஞ்சம் பலம். ஒரு மாதத்தில் பழைய அப்பா திரும்பிவிட்டார்.

என் உடம்பு பழையபடி திரும்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மறுபடி ரத்தம் வரலாம், வரும் என்றே மருத்துவர் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் காலை ஏழு மணியை நோய்க்குக் கொடுத்த நேரமாகவும், மீதி நாளை மட்டும் என்னுடையதாகவும் நினைப்பேன். அந்த நாற்பது நிமிஷத்தை எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி கழிப்பேன். இப்போது பார்ப்பதில்லை. மூச்சு எந்த இடத்தில் தட்டுகிறது, எந்த மூலை திறக்கிறது என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். அந்நேரத்தில் வேறெங்கும் இருக்க எனக்கு ஆசையில்லை.

போன மாதம் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் திருப்பூரிலிருந்து வாடகைக்கு வந்தது. வந்த மறுநாள் காலையே கதவை இடித்தார்கள். "ஏனுங்க! யாருங்க உள்ள? பொம்பளப் புள்ளையப் போட்டு எதுக்குங்க இப்புடி அடிக்கறீங்க?"

வாசலில் ஆள் வந்தால் சாப்பாட்டிலிருந்துகூட எழுந்துபோய் வரவேற்கும் மனுஷன் என் அப்பா. தட்டுவதை நிறுத்தாமல், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "பத்து நிமிஷம் நில்லுங்க. முடிச்சுப்போட்டு வாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலானது. அடக்கவில்லை. மாடிக்காரர்கள் பயந்தாலும் பயப்படட்டும் என்று அடிவயிற்றிலிருந்து இருமினேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினேன். அப்பா பேசினை நீட்டினார். துப்பிவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கெட்டியாக, பச்சையாக, நிறையச் சளி. சிவப்பு இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.