தார்ப் பேணியில் பிடித்த தீ

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் கிணற்றைச் சுற்றிக் கல் பதித்திருக்கிறோம். கல் இடுக்குகள் வழியே அழுக்குத் தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாரிக்கு முன் அவற்றைத் தாரால் அடைக்க நினைத்து, என் கணவர் பழைய எண்ணெய்த் தகரப் பேணியில் தாரைப் போட்டு முற்றத்து அடுப்பில் ஏற்றினார்.

தார் உருகச் சுணங்கியதால் விறகை அதிகமாகத் தள்ளினார். சற்று நேரத்தில் பேணிக்குள்ளேயே தீப்பிடித்தது. பக்கத்தில் காய்ந்த தென்னோலைக் கிடுகு வேலி. அவர் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டார்.

கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் எப்படித் தெறிக்கும் என்பது சமைக்கிற எனக்குத் தெரியும். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இஞ்சாருங்க, தண்ணி ஊத்தாதீங்க. தார் தெறிச்சி மேலெல்லாம் ஒட்டிரும்."

"அப்ப வேலி பத்திரும் புள்ள."

கோழிக்கூட்டின் மேலிருந்த தகரத்தை இழுத்து வந்து இருவருமாகப் பேணியை மூடினோம். அல்ஹம்துலில்லாஹ், தீ அடங்கியது. அவருடைய புருவம் மட்டும் கருகியிருந்தது.

தீயைக் கண்டதும் கை தண்ணீரைத்தான் தேடுகிறது. யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் இப்போது வேலிக்குத் தூரமாக, சிறு நெருப்பில்தான் தார் காய்ச்சுகிறோம். மூடுவதற்கான தகரத்தைப் பக்கத்தில் வைத்த பிறகே நான் நெருப்புப் பெட்டியை அவரிடம் கொடுக்கிறேன்.