ராமலிங்கத்தின் வயிற்றில் இல்லாத தழும்பு

காந்திமதிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த வயதில் வீட்டில் அகப்பட்ட முதல் இங்கிலீஷ் புத்தகம் அப்பாவின் மெடிக்கல் புக்தான். மைன்ஸில் பர்மனென்ட் ஆனவர்களுக்குக் கம்பெனி கொடுப்பது. அட்டையில் அப்பா இசக்கிமுத்துவின் பெயரும் டோக்கன் நம்பரும் இருக்கும். உள்ளே குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் சில பக்கங்கள். அதைக் காட்டினால்தான் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் வைத்தியம். யாருக்கு என்ன வந்தது, என்ன மாத்திரை கொடுத்தார்கள், எதை வெட்டி எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். பிளாக்கிலுள்ள மற்ற பிள்ளைகள் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்க, இவள் அதைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிப் புரட்டியதில் ஒருநாள் அம்மா பொன்னம்மாளின் பக்கத்தில் ஓர் அதிசயம் கிடைத்தது. கீழ்ப்பல் முழுவதும் பிடுங்கப்பட்டது என்று எழுதி, டாக்டர் கையெழுத்தும் போட்டிருந்தது.

அம்மாவோ அடுப்படியில் நின்று சீடையைக் கடக் முடக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒனக்குக் கீழ்ப்பல்லே கெடையாதாமே?"

"ஏட்டி, வாய மூடு!" என்று பொன்னம்மாள் பாய்ந்து வந்து புக்கைப் பிடுங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "படிக்கப் போட்டா துப்புத் துலக்கிக்கிட்டு இருக்கா."

பதில் அந்தக் கோடை விடுமுறையிலேயே வந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியம்மா, மத்தியானம் படுக்கப் போகும்போது கீழ்ப் பல்செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டாள். காந்திமதி டம்ளரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா முறைத்த முறைப்பில் இவள் கேட்க வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

இந்த மாதிரிப் பெண் டாக்டராகாமல் வேறு என்ன ஆவாள், சொல்லுங்கள். ஆனாள். பிரசவம் பார்க்கிற டாக்டராவாள் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். இவளுக்கோ மனுஷன் வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். எண்பத்து மூன்றாம் வருஷம் அதே டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சர்ஜரிப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அந்தப் பிரிவில் பயிற்சிக்கு வந்த ஒரே பெண். வார்டில் பாதிப் பேர் அவளை "நர்சம்மா" என்று கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், கடைசியில் அதற்கும் "என்னங்க?" என்று திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

சர்ஜரிப் பயிற்சி என்றால் கத்தியைக் கையில் கொடுத்து வெட்டச் சொல்வார்கள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சேர்ந்ததிலிருந்து மாசக்கணக்காக அவளுக்குக் கிடைத்தது ரிட்ராக்டர்தான். திறந்த வயிற்றின் ஓரத்தை விலக்கி இழுத்துப் பிடிக்கிற இரும்புக் கொக்கி அது. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அசையாமல் பிடிக்க வேண்டும். கை மரத்துப்போகும். பெரிய டாக்டர் சண்முகசுந்தரத்தின் தோள் குறுக்கே நிற்பதால் உள்ளே நடப்பதும் சரியாகத் தெரியாது. எட்டிப் பார்ப்பாள். "டாக்டர் காந்திமதி, தலையை எடும்மா, லைட் மறைக்குது" என்பார் அவர். "சார், அது ஏன் அந்தப் பக்கம் சுத்திக்கிட்டுப் போகுது?" என்று இவள் கேட்பாள். கொக்கி ஒரு நூல் தளர்ந்துவிடும். திட்டு விழும். வாங்கிக்கொண்டு மறுபடி எட்டிப் பார்ப்பாள். இந்த ஆள் ஒருநாளாவது கேள்விக்குப் பதில் சொன்னால் என்ன என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அவர் போடும் தையலைப் பார்த்தால் ஆத்திரம் போய்விடும். அவ்வளவு நேர்த்தி.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், மத்தியானம் இரண்டு மணிச் சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற நேரத்தில், ராமலிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷன் ஆள். பக்கத்துக் கிராமம், நிலம் கொடுத்து வேலை வாங்கியவர். நேற்றுத் தொப்புளைச் சுற்றி வந்த வலி இன்று வலது பக்கம் கீழே இறங்கி நின்றுவிட்டது. வாந்தி, காய்ச்சல். வலது காலை நீட்டவே முடியவில்லை. முதல் வருஷ மாணவனைக் கேட்டால்கூட அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவிடுவான்.

காந்திமதி மெடிக்கல் புக்கைத் திறந்தாள். ராமலிங்கத்தின் பக்கத்தில், எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூலை மாதம், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்து எடுக்கப்பட்டது என்று இருந்தது. கீழே சண்முகசுந்தரத்தின் கையெழுத்து.

அடடே, என்றிருந்தது அவளுக்கு. எடுத்த அப்பெண்டிக்ஸ் எப்படி வலிக்கும்?

பெரிய டாக்டர் தியேட்டரில் ஒரு வயிற்றுப்புண் ஆபரேஷனில் நின்றுகொண்டிருந்தார். கதவருகே போய் வலியைச் சொல்லி, புக்கையும் படித்துக் காட்டினாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது சார்."

"அப்போ எடுத்தது நான்தான். ஒருத்தனுக்கு ரெண்டு அப்பெண்டிக்ஸ் இருக்காது. கிட்னியில கல்லா இருக்கும். யூரின் டெஸ்ட் பண்ணு, வலிக்கு ஊசி போடு. சாயங்காலம் ரவுண்ட்ஸ்ல பார்க்கிறேன்."

காந்திமதிக்கு ஊசி போட மனசு வரவில்லை. திரும்பிப் போய் ராமலிங்கத்தின் சட்டையை விலக்கினாள். அவர் வலியிலும் ஒரு கையால் சட்டை நுனியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார். கையை எடுத்து வைத்துவிட்டு வயிற்றைத் தொட்டாள். வலது கீழ்ப்பக்கம் பலகையாக இறுகியிருந்தது. மெல்ல அமுக்கிச் சட்டென்று விட்டதும் மனுஷன் "அம்மா!" என்று துடித்துப்போனார். அந்த இடத்தில் வேர்க்குருவைத் தவிர வேறு எதுவும் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

அங்கேதான் அவள் புத்தி வழக்கம்போல முந்திக்கொண்டது. வார்டு முழுக்கக் கேட்கும்படி, "ஆபரேஷன் பண்ணின தழும்பு எங்கே?" என்றாள்.

ராமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். தலைமாட்டில் நின்ற அவர் மனைவி சாமியம்மாள் முகம் செத்துப்போயிற்று. அடுத்த நிமிஷம் அவள் கட்டிலுக்கடியில் இருந்த கூஜாவையும் பையையும் எடுத்தாள்.

"நாங்க வூட்டுக்குப் போறோங்க. வலி கொறஞ்சிடுச்சி."

"எங்கே கொறஞ்சிடுச்சி? அவரால காலை நீட்ட முடியலை."

"கசாயம் வச்சிக் குடுத்துக்கறேன். எழுந்திரு மாமா."

இந்த நிலையில் வீட்டுக்குப் போனால் உள்ளே வெடித்துவிடும். சீழ் வயிறு முழுக்கப் பரவினால் ஆள் தப்புவது கஷ்டம். இந்தப் பெண் ஏன் பயந்து ஓடப் பார்க்கிறாள்? புக்கை மறுபடி பார்த்தாள். அடையாளம்: இடது காதின் கீழ் மச்சம். ராமலிங்கத்தின் காதைப் பார்த்தாள். மச்சம் இருந்தது. புக் இவருடையதுதான். வயிறும் இவருடையதுதான். அப்படியானால் அந்த ஆபரேஷன் யாருடையது?

அப்போதுதான் அம்மாவின் சீடையும் பெரியம்மாவின் டம்ளரும் ஞாபகத்துக்கு வந்தன. எத்தனை மக்குத்தனம், பெண்ணே! இந்த ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு, வார்டில் நின்று இதைக் கத்தியா கேட்பாய்?

சாமியம்மாளின் கையைப் பிடித்து ஜன்னல் ஓரமாக அழைத்துப்போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்குப் புக்குல கீழ்ப்பல்லே கெடையாதுங்க. நெஜத்துல இன்னும் சீடை கடிக்கிறாங்க. பிடுங்கின பல்லு எங்க பெரியம்மாவோடது."

சாமியம்மாள் அவளையே பார்த்தாள். சிரிப்பு பாதி வந்து, அது அழுகையாக உடைந்தது.

"எங்க கொழுந்தன்ம்மா. வேணு. கான்ட்ராக்ட்ல கெடந்தான், மந்தாரக்குப்பத்துல. கான்ட்ராக்ட் ஆளுக்கு இங்க ஏதும்மா வைத்தியம்? கடலூருக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள செத்துருவான்னு பயந்துக்கினு, இவரு தன் புக்கக் குடுத்து, தன் பேரச் சொல்லச் சொல்லிட்டாரு. இப்ப வேணுவுக்குப் பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வந்துகினு இருக்குது. இது வெளிய வந்தா அண்ணன் வேலையும் பூடும், தம்பி வேலையும் பூடும். நெலம் ஏற்கெனவே பூட்டுது. நாங்க எங்கம்மா போறது?"

காந்திமதிக்கு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்த இடத்தில் ஒரு சத்தியத்தைச் செய்துவிட ஆசையாக இருந்தது. ஆனால் பெரிய டாக்டருக்குத் தெரியாமல் வயிற்றைத் திறக்க முடியாது.

"பொய் சொல்ல மாட்டேங்க. சார்கிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்லலைன்னா அவர் கல்லுன்னு நெனச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் விட்டுடுவார். உங்க வீட்டுக்காரர் தாங்க மாட்டார். வேலை அப்புறம். மொதல்ல ஆள்."

"மாட்டேன்" என்று சாமியம்மாள் தலையாட்டினாள். அதற்குள் வராந்தாத் தூணுக்குப் பின்னால் இத்தனை நேரமும் நின்றிருந்த ஒருவன் உள்ளே வந்தான். ராமலிங்கத்தின் மூக்கும் தாடையும் அப்படியே அச்சாக இருந்தன. தம்பி வேணு. உள்ளே வந்தால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று வந்ததிலிருந்து வெளியிலேயே நின்றிருக்கிறான்.

"அண்ணி, வுடு. எனக்காவத்தான் அண்ணன் இப்பிடிப் படுத்துக்கினு இருக்குது. எங்க இருக்காரும்மா ஒங்க டாக்டரு? நானே வந்து காட்டறேன்."

சண்முகசுந்தரம் அப்போதுதான் ஆபரேஷன் முடித்து, முகமூடியைக் கழற்றியபடி தியேட்டர் வாசலுக்கு வந்தார். வேணு கைலியைச் சற்றுத் தளர்த்திச் சட்டையைத் தூக்கினான். வலது பக்கம் கீழே இரண்டரை அங்குலத் தழும்பு.

பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"நாலாவது தையல் கோணல். நூல் அறுந்து திரும்பப் போட்டது" என்றார். பிறகு வேணுவின் முகத்தைப் பார்த்தார். காந்திமதியின் கையிலிருந்த புக்கைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"படுபாவிகளா!" என்றார். "டேய், அந்தப் புக்கைப் பார்த்துத்தாண்டா உன் அண்ணனைக் கல்லுன்னு சொன்னேன். இன்னும் நாலு மணி நேரம் விட்டிருந்தா?" வேணு அவர் காலில் விழப்போனான். "எந்திரி. காலில விழுந்து என்ன ஆகப்போகுது." அவர் காந்திமதி பக்கம் திரும்பினார். "டேபிளை ரெடி பண்ணச் சொல்லும்மா. கை கழுவு. இந்தக் கேஸ் நீ பண்ணு."

"நானா சார்?"

"தழும்பு இல்லைன்னு கண்டுபிடிச்சது நீதானே? போட வேண்டியதும் நீதான். கொக்கியை நான் பிடிக்கிறேன்."

முதுகில் மயக்க ஊசி போட்டு, நாலரை மணிக்கு அவள் முதல் கீறலைப் போட்டாள். கை நடுங்கும் என்று பயந்திருந்தாள், நடுங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில் நடுங்க மறந்துபோயிற்று. அப்பெண்டிக்ஸ் கட்டைவிரல் பருமனுக்கு வீங்கி, நுனி கறுத்து, தொட்டால் வெடிக்கிற மாதிரி இருந்தது. எடுத்துத் தட்டில் போட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. எதிர்ப்பக்கம் பெரிய டாக்டர் தோளை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "சார், லைட் மறைக்குது" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு உயிரே போய்விட்டது. அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து அவர் ராமலிங்கத்தின் புக்கை வாங்கினார். பழைய வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். தவறான பதிவு, இவருக்கு இந்த ஆபரேஷன் நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆபீஸ்ல கேட்பாங்களே சார், அப்போ யாருக்கு நடந்ததுன்னு."

"எனக்கு மெமோ வரும். வரட்டும். ஆளைப் பார்க்காம புக்கைப் பார்த்து வைத்தியம் சொன்னவனுக்கு அது கம்மிதான்."

மெமோ வந்தது. ஞாபகமில்லை என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினார். அப்புறம் யாரும் அதைக் கிளறவில்லை. ராமலிங்கம் எட்டாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்குப் போனார்.

இதற்குப் பிறகு காந்திமதிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நோயாளி புக்கை நீட்டினால் வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிடுவாள். முதலில் வயிற்றைப் பார்ப்பாள், பிறகுதான் புக். பயிற்சி முடித்துப் பாஸ் செய்து, அதே ஊரில் சர்ஜனாக உட்கார்ந்த பிறகும் அதை விடவில்லை. "இந்தம்மா புக்கை நம்பாது" என்று வார்டில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டுமே.

அந்த ஆடிக்கு அடுத்து வந்த பொங்கல் கழிந்து ஒரு காலையில் வேணு அவுட் பேஷன்ட் வரிசையில் நின்றிருந்தான். பர்மனென்ட் ஆகிப் பதினைந்து நாள். சட்டைப் பையில் புத்தம்புது மெடிக்கல் புக். அட்டையில் அவன் பெயர், அவன் டோக்கன் நம்பர். உள்ளே எல்லாப் பக்கமும் காலி.

"ஒடம்புக்கு என்ன வேணு?"

"ஒண்ணுமில்லங்க." கூச்சத்தோடு புக்கை மேஜைமேல் வைத்தான். "என் ஆபரேசன இதுல எழுதிக் குடுக்கணும். இத்தினி வருசமா என் வயித்துல இருக்குது, எங்கயுமே எழுதல. நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா, எடுத்ததையே தேடிக்கினு டாக்டருங்க என் வயித்த அறுப்பாங்கல்ல?"

அவள் பேனாவை எடுத்தாள். எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, யார் செய்தது என்று எழுதினால் பழைய கதை முழுக்க மறுபடி வெளியே வந்துவிடும். எழுதாமல் விட்டாலோ இன்னொரு பொய்ப் புக் ஆகிவிடும். பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"சட்டையைத் தூக்கு."

தூக்கினான். குனிந்து பார்த்தாள். நான்காவது தையல் கோணலாகத்தான் இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புக்கை அவன் பக்கம் தள்ளினாள்.

வேணுவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "என்னா எழுதிக்கினு இருக்குதுங்க?"

காந்திமதி படித்துக் காட்டினாள். "வலது கீழ் வயிற்றில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் தழும்பு உள்ளது. நேரில் பார்த்தேன்."

அவன் அந்த வரியின் மேல் விரலை வைத்து, மை காய்ந்துவிட்டதா என்று மெல்லத் தொட்டுப் பார்த்தான்.

"இப்பத்தாங்க இது என்னுதாச்சி" என்றான்.