வேலாயி ஏறிய லேடாங் மலை

மலாயாவில், மலாக்காவின் ஆசாகான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மேட்டுக்காட்டு நிரையில் பால் வெட்டியவள் வேலாயி. தோட்டத்தின் கடைசி நிரை அது. அதற்கு மேல் ரப்பர் கிடையாது, காடுதான். காட்டுக்குப் பின்னால், கிழக்கு வானத்தை அடைத்துக்கொண்டு லேடாங் மலை. மற்ற ஊர்களுக்கெல்லாம் விடிந்த பிறகும் மலை நிழல் அந்தத் தோட்டத்தின் மேல் கிடக்கும். சூரியன் உச்சியைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் வேலாயி பாதி மரங்களை வெட்டி முடித்துவிடுவாள். பால் சொட்டத் தொடங்கியதும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்து நிற்பாள். ஒரு நாள் மலை நீலமாக இருக்கும். ஒரு நாள் கறுப்பு. சில நாள் மலை இருந்த இடத்தில் வெறும் மேகம்தான் இருக்கும்.

அங்கே மேலே என்ன இருக்கிறது என்று அவள் கேட்காத ஆளில்லை. வேலைவாங்கும் மண்டோர் காளிமுத்து, "புலி இருக்கு, வேறென்ன?" என்றார். பக்கத்து நிரைச் சுப்பம்மா, "அட்டை இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தவர் மட்டும் யாரும் இல்லை.

ஏறிப் பார்த்துவிடுவது என்று வேலாயி மனசுக்குள் முடிவுகட்டிய வருஷத்தில்தான் அவசரகாலச் சட்டம் வந்தது. தோட்டத்து வாயில் அது மெர்ஜென்ஸி. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி வெள்ளைக்கார சர்க்காரார் முள்வேலி போட்டார்கள். அரிசியைப் பொதுச் சமையல் கொட்டகையில் ஆக்கித் தட்டில் போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். சோற்றுப் பருக்கையைத் தேடி ஒரு காலை வேலாயியின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அவள் நிரைக்குப் போனாள். மேட்டுக்காட்டின் கடைசி வரிசை மரங்களுக்கு அப்பால் காலை வைத்தால் சுடுவோம் என்று பலகை வைத்திருந்தார்கள். மலைமேல் விமானம் வந்து குண்டு போடும். அப்போது மரங்களில் கட்டிய மங்குகளில் பால் நடுங்கும். ஆனாலும் மறுநாள் காலையில் மலை அப்படியே நிற்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மகளை பெம்பானில் கட்டிக்கொடுத்தாள். தலையில் நரை விழுந்தது. ஒருநாள் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், கணக்கெழுதும் கிராணி மேசைமேல் ஏறி நின்று, "இனிமே நம்ம ஏரியா வெள்ளைப் பகுதி! ஊரடங்கு கிடையாது, சோத்துக் கட்டுப்பாடு கிடையாது!" என்று கத்தினார். ஆட்கள் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். வேலாயி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னாங்க, ஞாயித்துக்கெழமை மலைக்குப் போவோம்."

வீராசாமி பால் ஸ்டோரில் வேலை செய்தவன். பயந்த சுபாவம். "ஒனக்குக் கிறுக்கா புள்ள? இன்னும் உள்ளுக்க ஆளுங்க இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்லா. நீங்க வரலேன்னா நான் தனியாப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வீராசாமி அவளுக்கு முந்தியே பாராங் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். வேலாயி சோற்றை வாழையிலையில் கட்டி, எல்லாருக்கும் தெரியும்படி கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைக் கடந்தாள். காவல்காரன் கொட்டாவி விட்டான். அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் பிரம்பு வெட்டும் மலாய்க்காரர் ஒருவர் ஓடைக்கரையில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஈக்குட் ஆயேர் சாஜா, காக்" என்றார். தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போ அக்கா, அதுவே கூட்டிக்கொண்டு போகும் என்பது அதற்கு அர்த்தம்.

தண்ணீர் அவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போனது. பாறை பாறையாக அருவி விழுந்துகொண்டிருந்தது. சாரல் பட்டுச் சேலை நனைந்தது. நிரை பிடித்து நட்ட மரங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். இங்கே எந்த மரமும் எந்த மரத்தோடும் வரிசையில் நிற்கவில்லை. ஒரு மரத்தின் வேர்ச்சுவருக்குள் லயத்து வீடு ஒன்றை வைத்துவிடலாம். அதன் உச்சி எங்கே என்று பார்க்கக் கழுத்தை வளைத்தவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தே விட்டாள். தலைக்கு மேலே பெரிய பாயை யாரோ உதறுவதுபோல ஒரு சத்தம் போனது. வீராசாமி குனிந்து பதுங்கினான்.

"பறவைதாங்க!" என்றாள் அவள். இருவாட்சி ஒன்று சிறகடித்து எதிர்ச்சரிவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏற ஏற மரங்கள் குட்டையாயின. கிளைகளில் பாசி ஈரக் கம்பளிபோலத் தொங்கியது. இலை நுனியில் மூடி போட்ட குடுவைகள் தொங்கும் கொடியைக் கண்டு வேலாயி நின்றாள். குடுவைக்குள் தண்ணீர் இருந்தது. "மங்குல பால் நிக்கிறாப்புல நிக்குது பாருங்க. யாரு வந்து எடுக்கறது இதெல்லாம்?" என்று சிரித்தாள்.

அதற்குமேல் மேகம் வந்து மூடிக்கொண்டது. பாதை தெரியவில்லை. ஓடையின் சத்தமும் நின்றுபோயிருந்தது. பாறைகளுக்கு நடுவே தடவித் தடவிப் போனபோது வீராசாமி சட்டென்று அவள் கையைப் பிடித்தான். எதிரே அத்தாப்பு ஓலைக் கூரை சரிந்த குடிசை ஒன்று. பக்கத்தில் கரிபிடித்த அடுப்புக் கல். காடாக மண்டிப்போன மரவள்ளி. ஒரு பிய்ந்த கான்வாஸ் சப்பாத்து. ஆள் யாருமில்லை. போய் ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும்.

"திரும்பிருவோம் வேலாயி. போதும்" என்றான்.

வேலாயி அந்தச் சப்பாத்தைப் பார்த்தாள். மிகச் சிறிய கால். பெண்பிள்ளையோ, அரும்பு மீசைப் பையனோ. குடிசைக்குப் பின்னால் செங்குத்தான பாறையில் ஒரு தடித்த பிரம்புக் கயிறு தொங்கியது. அங்கே இருந்தவர்கள் கட்டியது. இழுத்துப் பார்த்தாள். தாங்கியது.

"காண்டாக் கம்புல பால் வாளி தூக்குன தோளுங்க இது" என்று சொல்லிக் கயிற்றைப் பிடித்து ஏறினாள். அவனும் வேறு வழியில்லாமல் ஏறினான்.

பாறையின் தலைமேல் அவர்கள் கால் வைத்தபோது காற்று வந்தது. எங்கிருந்தோ வந்த அந்தக் காற்று மேகத்தை ஒரு பக்கமாகச் சுருட்டித் தள்ளியது. வேலாயி வீராசாமியின் சட்டையைப் பற்றிக்கொண்டாள்.

கீழே உலகம் கிடந்தது. காடு, அதற்குப் பின் காடு, பிறகு உள்ளங்கை அகலத்தில் வகிடெடுத்த பச்சை. அதுதான் அவர்கள் தோட்டம். அதில் தகரம் மின்னிய இடம் லயம். மெல்லிய புகை எழுந்த இடம் ரப்பர் காயவைக்கும் பொகைக்கூடம். பெரட்டுக்களம் ஒரு மண்பொட்டு. வேலி இருந்த இடமே தெரியவில்லை.

"இங்க இருந்தவங்க நம்மள எல்லாரையும் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "நாம பெரட்டுக்கு நிக்கறது, வெளக்கேத்தறது எல்லாத்தையும்." அவளுக்குப் புல்லரித்தது. பயத்தினால் மட்டுமல்ல. இத்தனை வருஷம் அவள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்தும் யாரோ பசியோடு அவர்கள் அடுப்புப் புகையைப் பார்த்திருக்கிறார்கள்.

தோட்டத்துக்கும் அப்பால், பூமி முடிகிற இடத்தில் ஏதோ ஒன்று வெள்ளியாக நீண்டு கிடந்தது. மேகமா, வானமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அது என்னாங்க? வானம் கீழ மடிஞ்சு கெடக்கா?"

வீராசாமி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். "கடலு, புள்ள. அது கடலு."

வேலாயியின் அப்பனும் ஆத்தாளும் கப்பலில் வந்தவர்கள். அவள் பிறந்தது தோட்டத்தில். கடலோர மலாக்காவிலேயே இருந்தும், இத்தனை வயதாகியும் அவள் கடலைப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது அவள் பாறையில் மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். சாமி பேர் எதுவும் வாயில் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. வீராசாமியும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சோற்றுக் கட்டைப் பிரிக்கவேண்டும் என்ற நினைவே இருவருக்கும் வரவில்லை. இறங்கும் வழியில் அருவிக்கரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் வீராசாமி அவளை பஸ்ஸில் உம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனான். கடலை ஆசையாகக் காட்டினான். வேலாயி கணுக்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றாள். சேறு. மீன் வாடை. கரையோரம் படகுகள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அது வேறங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுவருஷம் அவள் மேட்டுக்காட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். அட்டைக்குப் பயந்த சுப்பம்மா காலில் புகையிலை தேய்த்துக்கொண்டு வந்தாள். கயிற்றைப் பிடித்து ஏறும்போது முழுக்கத் திட்டிக்கொண்டே ஏறினாள். உச்சியில் பேச்சடங்கி நின்றாள். மெர்ஜென்ஸி முடிந்த வருஷம் தொரை ஆளுக்கு ஆள் பிஸ்கட் கொடுத்துக் கொண்டாடியபோதும் வேலாயி தோட்டத்தில் இல்லை, மேலே இருந்தாள். முழங்கால் ஒத்துழைத்தவரை ஒவ்வொரு வருஷமும் போனாள். புதிதாக வந்தவர்கள் கையை நீட்டி, தூரத்தில் வெள்ளியாக நீண்டு கிடக்கிறதே, என்ன அது என்று கேட்பார்கள். உடனே சொல்லிவிடமாட்டாள். "பாரு, இன்னுங் கொஞ்சம் பாரு" என்பாள்.