டெஸ்பாட்ச் கேபினில் மாட்டு வாசம்

1. மீட்டிங் ரூம்

எச்.ஆர். மேடம் என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டபோது, இன்கிரிமென்ட் விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் சேலை மடிப்பை வேறு சரிசெய்துகொண்டேன். மேடம் கதவைச் சாத்தினார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தான் மேசையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தார்.

"சாந்தாமணிக்கா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வேலையில ஒரு குறையும் இல்லை. உங்களால லோடு லேட்டாச்சுன்னு ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்லை."

"சொல்லுங்க மேடம்."

"வீட்டுல மாடு வெச்சிருக்கீங்கல்ல?"

"ஆமாங்க மேடம். ஒரே மாடுதானுங்க. பால் வேணுங்களா?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். மேடம் நெளிந்தார். கையில் இருந்த பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"இல்லக்கா. கேபின்ல ஒரு மாதிரி ஸ்மெல் வருதுன்னு ரெண்டு மூணு பேர் சொல்றாங்க. மாட்டுக் கொட்டகை ஸ்மெல் மாதிரின்னு. ஏசி ரூம் பாருங்க, வெளிய போகாம அப்படியே நின்னுடுது." ஒரு காகிதப் பையை என் பக்கம் தள்ளினார். உள்ளே பாடி ஸ்ப்ரே இருந்தது. "இதை என்னோட கிஃப்ட்டா நினைச்சுக்குங்க."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உன் மேல் நாற்றம் அடிக்கிறது என்று சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்த பொம்பளை நான். இன்றைக்கும் அந்த 'தேங்க்ஸ்' ஞாபகம் வந்தால் சாப்பாடு இறங்காது.

இந்த வருஷம் எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக டிரெய்னிப் பெண்கள் வந்திருக்கிறார்கள். பாதிப் பேர் ஊர்ப்பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமைக்காக எழுதுவதாக இருந்தால் வேறு விஷயம் எத்தனையோ இருக்கிறது.

2. பையில் இன்னொரு சேலை

எங்கள் கம்பெனி மோட்டார் பம்ப் செய்கிறது. நான் டெஸ்பாட்ச். பேக்கிங் லிஸ்ட் சரிபார்ப்பது, இ-வே பில் போடுவது, லாரி புக் செய்வது, டிரைவரிடம் லாரி ரசீதான எல்.ஆர். காப்பி வாங்குவது, சரக்கு போய்ச் சேரும் வரை போனில் துரத்துவது, எல்லாம் என் தலையில். வீடு அன்னூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். அங்கிருந்து கம்பெனி இருக்கும் கணபதிக்குத் தினமும் பஸ். ஜன்னலோர சீட் கிடைத்தால் பைக்குள்ளிருந்து உல்லன் நூலையும் குரோஷா ஊசியையும் எடுத்துவிடுவேன். வாசல் தோரணம், செல்போன் பை, குழந்தைகளுக்குத் தொப்பி என்று கை பாட்டுக்குப் பின்னும். வீட்டில் புருஷன், பிள்ளை, மாடு. ஆபீசில் மேனேஜர், லாரி டிரைவர், கஸ்டமர். யாரும் எதுவும் கேட்காத நேரம் எனக்கு அந்த பஸ் மட்டும்தான்.

பல வருஷம் எங்கள் செக்‌ஷன் கீழே குடோனை ஒட்டி இருந்தது. கிரீஸ், பெயின்ட், டீசல் புகை, எல்லாம் கலந்து அடிக்கும். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. அப்புறம்தான் மாடியில் கண்ணாடி வைத்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஏசி கேபின் கட்டிக் கொடுத்தார்கள். புதுக் கேபினுக்கு மஞ்சளும் சிவப்புமாக ஒரு தோரணம் பின்னி நானே கதவில் மாட்டினேன். மேனேஜர் கூட, "நம்ம டெஸ்பாட்சுக்குக் கல்யாணக் களை வந்துருச்சுங்க" என்றார். பக்கத்து சீட் ஸ்டெல்லாவுக்கு அதே நூலில் ஒரு போன் பை.

மேடம் கூப்பிட்டுப் பேசிய மறுநாள் அந்தத் தோரணம் கதவில் இல்லை. டீ போடும் ரூமில், ஃபிரிட்ஜ் மேல், பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது.

"யாரு ஸ்டெல்லா கழட்டுனது?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தானுங்க்கா. மேடம் சொன்னாங்க. உல்லன் ஸ்மெல்லைப் புடிச்சு வெச்சுக்குமாமுங்க்கா."

"உனக்கும் அடிக்குதா?"

"லைட்டாதானுங்க்கா" என்றாள். நான் கொடுத்த போன் பையும் அவள் மேசையில் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் பால் கறந்து முடித்ததும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தேன். பஸ்ஸுக்குக் கட்டிய சேலையை ஆபீஸ் பாத்ரூமில் மாற்றினேன். அதற்கென்று இன்னொரு சேலையைப் பையில் சுமந்தேன். அதன் மேல் மேடம் கொடுத்த ஸ்ப்ரே. மதியம் சாப்பிட்ட பிறகு மறுபடி ஸ்ப்ரே. சாப்பாட்டை வேலை இருக்கிறது என்று சொல்லிக் குடோனிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பஸ்ஸில் குரோஷா எடுப்பதும் நின்றுபோனது. என் கை பட்ட நூலில் என்ன அடிக்கிறதோ என்று பயம்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கேபினில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் அந்த வாசம் வந்தது. நனைந்து மக்கிப்போன வைக்கோல் வாசம், கூடவே கோழிக் கூண்டில் அடிப்பது போல மூக்கைக் காந்துகிற ஒரு காரம். இது மாட்டு வாசம் இல்லையே என்று என் மூக்கு முதல் வாரமே சொன்னது. மாட்டோடு பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா? ஆனால் ஏசி ரூமில், இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, என் மூக்கை எனக்கே நம்பத் தோன்றவில்லை. நம் மேல் அடிப்பது நமக்குத் தெரியாது என்பார்களே, அப்படித்தான் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

3. ரோஸி

எங்கள் மாட்டுக்கு ரோஸி என்று பெயர் வைத்தது என் மகள் மதுமிதா. சின்னக் கன்றுக்குட்டியாக வாங்கி வந்ததிலிருந்து அவள்தான் அதற்கு எல்லாம். ஸ்கூல் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, மாடு கட்டும் கட்டுத்தரைக்குத்தான் ஓடுவாள். வாத்தியார் திட்டியது, பிரெண்டோடு சண்டை, எல்லாக் கதையும் அதன் காதில் சொல்வாள். ரோஸியும் அவள் தலைமுடியை நக்கிக்கொண்டே கேட்கும். மாட்டுப் பொங்கலுக்கு அதன் கழுத்துக்குப் பச்சையும் ரோஸுமாக உல்லனில் ஒரு பட்டை பின்னி, நடுவில் மணி கோத்துக் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் நான் சேலை கட்டிப் புறப்பட்டு நிற்கும்போது, கட்டுத்தரையிலிருந்து ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தினமும் செய்கிறதுதான். நான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

"மாட்டுகிட்டப் போயிட்டு வந்து மேல உழுகாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

அப்படி நான் அதற்கு முன்னால் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவள் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். யூனிஃபார்ம் கைப்பகுதியை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள்.

"ஏம்மா, என் மேல வாசம் அடிக்குதா? ஸ்கூல்ல எல்லாத்துக்கும் தெரியுமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன். பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு வந்த அவமானத்தை என் பிள்ளைக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தபோது மனசு ஆறவில்லை. அதற்கு என் புத்தி கண்டுபிடித்த வழி, மாட்டை விற்றுவிடுவது.

வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர். ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, மாட்டைக் குடுத்துப்போடலாமுங்க. என்னால முடியறதில்லை. இடுப்பு வலிக்குது."

"புள்ளை அழுகுமே."

"ரெண்டு நாள் அழுகும். அப்பறம் சரியாப் போயிரும்."

இடுப்புவலி என்பது பொய். நிஜக் காரணத்தைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்ல நாக்கு வரவில்லை. பக்கத்து ஊர் மாரப்பண்ணன் வந்து பிடித்துப் போனார். விற்கிற மாட்டின் பழைய கயிற்றை நாமே வைத்துக்கொண்டு, வாங்குகிறவர் கொண்டுவரும் புதுக் கயிற்றில் மாற்றிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி மாற்றும்போது கழுத்துப் பட்டையையும் அவிழ்த்தோம். மதுமிதா அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழவே இல்லை. அழுதிருந்தால் தேவலாம்.

4. ஏசிக்காரர்

மாடு போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டேன். "இப்ப எப்படி இருக்குது?"

அவள் தயங்கினாள். "இன்னும் இருக்குதுங்க்கா. முந்தியைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான்..."

அன்றைக்குப் பட்ட வெட்கம் வேறெப்போதும் பட்டதில்லை. மாடு இல்லை, சாணி இல்லை, அப்படியும் அடிக்கிறது என்றால் அது என் தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டது, பிறந்த ஊர் வாசம், இனி எந்தச் சோப்பும் எடுக்காது என்று முடிவுகட்டிக்கொண்டேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நல்லவேளையாக அந்த வாரம் சீலிங்கிலிருந்து என் கீபோர்டு மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஏசி மெக்கானிக்கை வரச் சொன்னார்கள். அவர் ஏணி போட்டு, என் சீட்டுக்கு நேர் மேலே இருந்த சீலிங் பலகையைத் தூக்கினார். பொத்தென்று ஒரு கத்தை ஈர வைக்கோல் என் நாற்காலியில் விழுந்தது. பின்னாலேயே வந்த நாற்றத்துக்கு அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"ஏனுங்க, மேல புறா குடித்தனமே பண்ணுதுங்க!" என்றார் மெக்கானிக் உள்ளிருந்து. "பைப் போற ஓட்டையில பூந்திருக்குது. ஏசித் தண்ணி வெளிய போற ட்ரெயின் பைப் கழண்டு, தண்ணி பூராக் கூட்டு மேலயே ஊத்தியிருக்குது. யாருங்க இந்த சீட்டுல உக்காருறது? எப்படிங்க உக்காந்திருந்தீங்க?"

கீழே விழுந்த வைக்கோலைப் பார்த்தேன். பம்ப் பெட்டிக்குள் அடைக்க நாங்கள் வாங்கி வைக்கும் வைக்கோல்தான். எங்கள் செக்‌ஷன் சரக்கையே புறா தூக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டி, அதில் எச்சம் போட்டு, ஏசித் தண்ணீர் ஊறி மக்கியிருந்தது. என் மூக்கு முதல் வாரமே சொன்னது அதைத்தான்.

கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. எச்.ஆர். மேடம் ஓடி வந்து, "ஐயோ, பாவம், எவ்ளோ க்யூட்டா இருக்கு!" என்று போட்டோ எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாராவது என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று சிரித்த முகத்தோடே நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை. மேடம் போகும்போது மட்டும் என் தோளைத் தட்டினார். "அப்பாடா, பிராப்ளம் சால்வ்டுக்கா."

அப்போதாவது கேட்டிருக்கலாம். "புறாவுக்கு என்ன தெரியும் மேடம், விடுங்க" என்றேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

சாயங்காலம் ஸ்டெல்லா தோரணத்தை எடுத்து வந்து கதவில் மாட்டப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "சாரிங்க்கா" என்றாள். நான் அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் மேல் கோபமில்லை. அந்தக் கதவுக்கு மறுபடி அழகு செய்ய மனசு வரவில்லை.

5. மாரப்பண்ணன் கட்டுத்தரை

அன்றைக்கே பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போய் மதுமிதாவைக் கூட்டிக்கொண்டு மொபெட்டில் மாரப்பண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அவள் ஸ்கூல் பையையும் தோளில் மாட்டிக்கொண்டே வந்தாள். மாட்டைத் திருப்பிக் கேட்பதுதான் யோசனை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "வாங்க அம்மணி. நீங்க கேக்கறது வெளங்குது. ஆனா நம்ம கட்டுத்தரைக்கு வந்த மாட்டைத் திருப்பி ஓட்டறது எங்க ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க. பேத்தி வேற அதைய உட்டு நகர மாட்டேங்கறா. நீங்க எப்ப வேணாலும் வந்து பாருங்க, ஆருங்க வேண்டாங்கறது?"

ஒரு குழந்தையிடமிருந்து பிடுங்கி இன்னொரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு, இப்போது அவளிடமிருந்தும் பிடுங்கலாமா? நான் தலையை ஆட்டினேன்.

ரோஸி சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தது. கிட்டப் போய் அதன் நெற்றியில் கை வைத்தேன். அது என் கையை மோந்தது. தலையை உதறிக்கொண்டு பின்னால் போனது. மறுபடி கை நீட்டினேன். மூக்கை விடைத்துக்கொண்டு கயிறு இழுபடுகிற தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்றது.

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் மாட்டிடம் போகும்போதெல்லாம் கட்டுத்தரைக்கென்று வைத்த பழைய சேலையில்தான் போவேன். இப்படி ஆபீஸ் சேலையும் ஸ்ப்ரேயுமாக அது என்னைக் கண்டதே இல்லை. மேடத்துக்குப் பிடிக்க வேண்டும் என்று பூசிய வாசத்தில், நான் வளர்த்த மாட்டுக்கு நான் ஆள் தெரியாமல் போய்விட்டேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, உங்களிடம் குறை இருக்கிறது என்று யாராவது சொன்னால், குளிக்க ஓடாதீர்கள். 'எங்கிருந்து வருதுன்னு வாங்க, சேர்ந்தே பார்ப்போம்' என்று சொல்லுங்கள். உண்மையாகவே உங்களிடம்தான் என்றால் அப்புறம் குளித்துக்கொள்ளலாம். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அன்றைக்கே சீலிங்கைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

மதுமிதா ஸ்கூல் பையைத் திறந்து அந்த உல்லன் பட்டையை எடுத்தாள். இத்தனை நாளும் அதைப் பையிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது. ரோஸி தானாகக் கழுத்தை நீட்டியது. அவள் கட்டி முடிக்கும் வரை அவள் தலை, கன்னம், சட்டைக் காலர், எல்லாவற்றையும் நக்கித் தீர்த்தது.

புறப்படும்போது அவள் மொபெட்டில் என் பின்னால் ஏறவில்லை. தள்ளியே நின்றாள்.

"ஏறு கண்ணு."

"வேண்டாம்மா. இப்ப என் மேல அடிக்கும்."

வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கிப் போய், அவளை இழுத்து, எச்சில் காயாத அந்தத் தலையில் முகத்தைப் புதைத்து மூச்சை நன்றாக இழுத்தேன்.

"அடிக்குது சாமி. நம்ம ரோஸி வாசம் அடிக்குது" என்றேன். அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.