சீயக்காய் போட்டுக் குளித்த ஷாக் அப்சார்பர்

வளைகாப்பு முடிந்த கையோடு மகளை எங்கள் காரிலேயே பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டி வருவேன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். வாசுதேவநல்லூரில் இருக்கும் அவள் மாமியார் அதில் மண்ணைப் போட்டுவிட்டாள். முந்தின மாதம் பண்பொழி கோயிலுக்குச் சம்பந்தியம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிப் போயிருந்தோம். ஒரு பள்ளத்தில் விழுந்தால், அடுத்த பள்ளம் வரும்வரை கார் ஆடிக்கொண்டே போனது. இறங்கியவள் இடுப்பைப் பிடித்தபடி சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாதீக மயினி. வயித்துப்பிள்ளைக்காரிய இந்த வண்டியில அனுப்ப மாட்டேன். வேற கார் பிடிச்சுட்டு வாங்க."

வாடகைக் காரிலா? அதுவும் தெருவெல்லாம் சொன்ன பிறகா?

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். குனிந்து பார்த்துவிட்டு, ஆட்டத்தை அடக்கும் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்துவிட்டன என்றார். குற்றாலத்தில் சீசன் நேரம். எங்கள் தென்காசி மெக்கானிக் கடைகளில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. "நானே மாத்துதேன்" என்று புதுசு இரண்டை வாங்கி வந்துவிட்டார்.

வாசலில் ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, துருவேறிய போல்ட்டோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாரல் விட்டபாடில்லை. நான் எழுத்துக்கூட்டி பஸ் போர்டு படிப்பேன். புது ஷாக் அப்சார்பர் டப்பாவில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். அதனால் என்ன, நனைந்த இரும்பு துருப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? குற்றாலத்து அருவியில் எண்ணெய் தேய்க்காமல் தலையைக் கொடுப்போமா? நல்லெண்ணெயை எடுத்து இரண்டுக்கும் உச்சி முதல் அடிவரை தேய்த்தேன். குங்குமமும் வைத்தேன்.

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க? ரப்பர்ல எண்ணெய் பட்டா ஊதிப்போகும்லா."

"பிள்ளைய ஏத்திட்டு வரப்போற சாமான். எண்ணெய் வைக்காம மாட்டுவாகளா?"

"அப்ப குளிப்பாட்டியும் விடு."

விட்டேன். சீயக்காய் கரைத்து, நார் போட்டுத் தேய்த்து, பழைய சேலையால் ஈரம் போகத் துடைத்துக் கொடுத்தேன். மாட்டினார். சக்கரம் தரையில் இறங்கியதும் என்னைப் பார்த்தார்.

"பாரம் இருக்கும்போதுதான் கீழ் போல்ட்ட முறுக்கணும். நீ பின்னால ஏறி உக்காரு. அரிசி மூடை தூக்குத வேலை மிச்சம்."

ஏறி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

வளைகாப்பன்று வாசுதேவநல்லூரில் சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா எழுந்தாள். "மொதல்ல நான் ஒரு சுத்து போய்ப் பாக்கேன்." மகள் கை நிறைய வளையலோடு வாசலில் நின்றாள். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவரும் பார்த்துப் பார்த்துப் பள்ளத்திலேயே விட்டார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருக்கிறாள்.

வீடு வந்தும் எழவில்லை. தொட்டு எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

"பிள்ளைய வரச் சொல்லுங்க மயினி. இந்தப் பக்கம் நான் இருக்கேன். தென்காசி வரைக்கும் நானும் வாரேன்."