குளிர் ஊர் எண்ணெய்

என் கணவர் பிரான்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். "அலோ" என்பார். அடுத்த கேள்வி, ஆயில் லெவல் பார்த்தாயா என்பது. நான் எப்படி இருக்கிறேன் என்பது நாலாவதோ ஐந்தாவதோ. சில வாரம் அந்தக் கேள்வி வருவதற்குள் அவருடைய போன் கார்டு தீர்ந்துவிடும்.

அந்த டீசல் கார் அவர் ஆசைப்பட்டுப் பழையதாக வாங்கியது. வாங்கிய மூன்றாம் மாதமே அங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் ஊர் முன்பு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், அவர் அப்பா வழியில் எங்களுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது; நானும் போயிருக்கலாம். மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்ததால் நின்றுவிட்டேன். கருவடிக்குப்பத்து வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பு, மாமியார், கார், நாலும் என் தலையில். வாரத்தில் இரண்டு நாள் மாமியாரைக் காரில் ஏற்றி பிசியோதெரபிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டோவில் அவரை உட்காரவைக்க முடியாது.

வகான்ஸுக்கு, அதாவது அங்கத்துக் கோடை லீவுக்கு, ஊருக்கு வருகிறவர்களிடம் பார்சல் கொடுத்தனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் மற்ற வீடுகளுக்கு சாக்லேட், சென்ட், சோப்பு வரும். எங்கள் வீட்டுக்கு இஞ்சின் ஆயில் வரும். பழைய ஸ்வெட்டரில் சுற்றிய ஐந்து லிட்டர் கேன். கூடவே சின்னச் சின்ன டப்பாக்கள்: இஞ்சினை உள்ளே கழுவ ஒன்று, தேய்மானம் தடுக்க ஒன்று, டீசலில் கலக்க ஒன்று. கொண்டுவந்தவர் காப்பி குடித்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் உயிரையே வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போவார். எதன்மேல் என்று நான் கேட்டதில்லை.

அங்கிருந்து வந்தால் ஒசத்தி. இதை எங்கள் தெருவில் யாரும் சந்தேகப்பட்டதில்லை, நானும்தான். முதல் வருடம் அவர் போனில் சொன்னதை எழுதிக்கொண்டு, முதலியார்பேட்டையில் இருந்த எங்கள் மெக்கானிக்கிடம் போய் எல்லாவற்றையும் ஊற்றச் சொன்னேன். அவர் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், பிரெஞ்சு எழுத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு ஊற்றினார்.

அடுத்து வந்த அக்னி நட்சத்திரத்தில், உழவர்கரைப் பக்கம் நெரிசலில் நிற்கும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. இஞ்சினில் டக் டக்கென்று சத்தம். பயந்துபோய் உடனே அணைத்துவிட்டேன். பின் சீட்டில் மாமியார் வேர்வையில் நனைந்து, பேச வராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் வண்டியை நிழலுக்குத் தள்ளினார்கள். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்திருப்பேன்.

மெக்கானிக் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். இது குளிர் ஊரு எண்ணெய். நம்ம வெயில்ல, இந்தக் கிழட்டு இஞ்சின்ல, தண்ணியாட்டம் ஆயிடுது."

கழுவுகிற டப்பா வேறு, பல வருடத்து அழுக்கைக் கிளப்பிவிட்டு, எண்ணெய் இழுக்கிற வலையை அடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் இஞ்சின் இறுகி ஒரேயடியாக நின்றுபோயிருக்குமாம். முன்பே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். சார் அனுப்பியதை நான் எப்படிக் குறை சொல்வது என்றார். எல்லாவற்றையும் இறக்கிச் சுத்தம் செய்து, நம் கடைகளில் கிடைக்கும் கெட்டியான ஆயிலை ஊற்றினார். டப்பா எதுவும் வேண்டாம், நேரத்துக்கு மாற்றினால் போதும் என்றார். அதன்பிறகு அந்த விளக்கு எரியவே இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அந்த ஞாயிறு போனை எடுத்தேன். அவர் அடுத்த கேன் வாங்க இரண்டு ரயில் மாறிப் போனதையும், கடையில் ஒவ்வொரு லேபிளாகப் படித்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். போன கேனைப் பற்றிக் கேட்டபோது, நல்லா ஓடுது என்று சொல்லிவிட்டேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால், எதற்குச் சண்டை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வந்த கேன்கள் பரணுக்குப் போயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, வாரா வாரம். சலித்துப்போயிற்று.

லீவும் காசும் சேர்ந்து நாலாம் வருடம்தான் அவர் ஊருக்கு வந்தார். அம்மாவைப் பார்த்த கையோடு பானெட்டைத் திறந்து காது வைத்துக் கேட்டார். தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, எல்லாம் நம்ம ஆயில் என்றார். மூன்று வாரம் பொறுத்தேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, பக்கத்து வீட்டுக்காரரிடம் அதையே மறுபடி சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்காமல் சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக உள்ளூர் ஆயில், உங்களுடையது பரணில்.

அவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, போன்ல எங்கிட்ட என்ன பேசியிருப்பீங்க?"

இரண்டு நாளும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பேசிக்கொண்டோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு போன் வராது என்றே நினைத்தேன். வந்தது. "அலோ" என்றார். ஆயில் கேள்வி வரவில்லை. இவ்வளவுதானா எங்களிடம் இருந்தது என்று நினைத்தேன். கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போன் பண்ணலன்னா இந்நேரம் நீ என்ன பண்ணிட்டு இருப்ப?" என்று கேட்டார்.

படுத்திருப்பேன் என்றேன். வாரத்தில் இந்த ஒரு மத்தியானம்தான் எனக்குத் தூக்கம்.

"அப்ப எழுப்பிட்டனா?"

"நாலு வருஷமா," என்றேன்.